பழைய வேனும் மூக்குக்குத் தெரியாத புகையும்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்பது. இரண்டாவது கேள்வி, "ஏங்க, அந்த வேன் யாரோடது? இன்னுமா எடைக்குப் போடலை?" என்பது. இரண்டுக்கும் சிரித்துக் கொண்டேதான் பதில் சொல்வேன். ஆனால் போன வருஷம் ஜனவரியில் ஒரு நாள், அந்த வேனை நானே எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். வீட்டில் பழைய கார், வேன் வைத்திருக்கும் சகோதரிகள் கட்டாயம் படியுங்கள். இல்லாதவர்களும் படியுங்கள். வாடகை வேனில் கோயில் குளம் போகாத வீடு நம்மில் ஏது?

எங்கள் வேன் 'ஸ்டாண்டர்டு 20'. இங்கிலாந்தில் 1958-ல் 'அட்லஸ்' என்ற பெயரில் வந்த வண்டி. அங்கே அது நின்ற பிறகு, நம் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். ஹெரால்டு கார், கெஸல் கார் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். என் மாமனார் அங்கே வேலை பார்த்தவர். சங்கு ஊதும் சத்தத்தை வைத்தே எங்கள் அத்தை உலை வைப்பாராம். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெரிய கார் ஒன்று கொண்டு வந்தார்கள். அது ஓடவில்லை. 1988-ல் உற்பத்தியே நின்று போயிற்று. இன்றைக்கு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

வேலை போன பிறகு மாமனார் சின்னதாக ஒரு டிங்கரிங் ஷெட் வைத்தார். அப்போது பள்ளிக்கூடத்துக்கு ஓடிக் கொண்டிருந்த இந்த 1974-ம் வருஷத்து வேனை வாங்கினார். "என் கையால தட்டின தகடா இருக்கும்" என்பாராம். பின்னால் இரண்டு பலகை போட்டால் படுக்கை, எடுத்தால் சாமான் வைக்க இடம். ஒரு தண்ணீர் டிரம், ஒரு தகரப் பெட்டியில் பாத்திரங்கள், ஜன்னலுக்குப் பழைய புடவையில் திரை. இதில்தான் குடும்பமே திருப்பதி, வேளாங்கண்ணி, ஏற்காடு எல்லாம் போய் வந்தது.

வெளிநாட்டில் இந்த மாதிரி வீட்டு வண்டிக்கு 'கேம்பர் வேன்' என்று பெயர். ஜெர்மனியில் வோக்ஸ்வேகன் வேனில் படுக்கையும் அலமாரியும் பொருத்தி 1951-லேயே விற்றிருக்கிறார்கள். 1960-களிலும் 70-களிலும் அந்த மாதிரி வண்டிகளில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கே ஓட்டிக் கொண்டு வந்தார்கள். 1979-ல் அந்த நாடுகளில் ஏற்பட்ட குழப்பத்தோடு அந்தத் தரைவழிப் பயணம் நின்றது. நம் மாமனாருக்கு இதெல்லாம் தெரியாது. லாட்ஜ் வாடகை மிச்சம், அவ்வளவுதான் அவர் கணக்கு.

அவர் காலமான பிறகு வேன் என் கணவர் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இவர் பாதி உடம்பு வேனுக்கு அடியில்தான். பாகங்களுக்குப் புதுப்பேட்டையைச் சல்லடை போட்டுச் சலிப்பார். கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து வாங்கி வருவார்.

சரி, அந்த ஜனவரிக்கு வருகிறேன். வேடந்தாங்கலில் பறவை சீஸன். விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். பனிக்குப் பயந்து பின்பக்கக் கண்ணாடிகளை எல்லாம் இறுக்கி மூடினேன். என் பதினொரு வயதுச் சின்னவளும் எங்கள் அத்தையும் பின்னால் பலகையில் போர்த்திப் படுத்துக் கொண்டார்கள்.

செங்கல்பட்டு வருவதற்குள், "அம்மா, தலை வலிக்குது" என்றாள் பெண். டீ குடிக்க நிறுத்தினோம். கீழே இறங்கி நின்றாள், சரியாகி விட்டது. மறுபடி ஏறினோம். படாளம் கூட்டு ரோடு வருவதற்குள் வாந்தி. "வெறும் வயித்துல பித்தம் ஏறியிருக்கும்" என்றார் அத்தை. இஞ்சி மரப்பா கொடுத்தேன். ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்தாள், ஓடினாள், இரண்டு தட்டு புளியோதரை சாப்பிட்டாள். இவளுக்கா பித்தம்?

திரும்பும்போது மறுபடி அதே கதை. இந்தத் தடவை அத்தையும், "அம்மாடி, எனக்கும் தலை கிர்ருனு சுத்துது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏற்காடு மலையில் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் வெற்றிலை போட்டுக் கொண்டு வந்த மனுஷி அவர். ஜிஎஸ்டி ரோடோ நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. வண்டிக்குள் இருந்தால் தலைவலி, இறங்கினால் சரி. ஒருத்தருக்கு இல்லை, இரண்டு பேருக்கு. யோசித்தால் எனக்கும் கண்ணைச் சொக்கிக் கொண்டு வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டிய இவர் மட்டும் நன்றாக இருந்தார்.

"என்னங்க, வண்டியை ஓரமா நிறுத்துங்க. உள்ளே புகை வருது."

"வாசனையே இல்லையே! உனக்கு எப்பவும் என் வண்டி மேல ஒரு சந்தேகம்."

நான் விடவில்லை. வேனை ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து சேர்ந்தோம். வழி முழுக்க இவர் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தார். மறுநாள் வேனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

டாக்டரம்மா சொன்ன பிறகுதான் இவர் முகம் மாறியது. பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக் கொள்ளும். பிறகு ஆக்ஸிஜனுக்கு இடம் ஏது? முதலில் தலைவலி, குமட்டல், மயக்கம், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போகலாம். குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும், வயிற்றில் குழந்தை உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். இன்னொன்றும் சொன்னார்: கொரோனா காலத்தில் நாம் வாங்கி வைத்த விரல் மாட்டிக் கருவி இதில் உதவாது. உடம்பில் விஷவாயு ஏறியிருந்தாலும் அது 98, 99 என்று காட்டும். அதை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தி வைத்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த இந்த வாயுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியை நான் பேப்பரில் படித்து, "ஐயோ பாவம்" என்று பக்கத்தைப் புரட்டியவள்தான். நம் வாசலில் நிற்கும் வண்டியோடு அதைச் சேர்த்து யோசிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு இவர் வேலையில் இறங்கினார். எங்கள் வேனில் இன்ஜின், முன் இருக்கைகளுக்கு நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. அந்த மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிருந்தது. திறந்த வெளியில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியால் புகைக் குழாயின் வாயை ஒரு நொடி மறைத்தார். இன்ஜினிலிருந்து புகைக் குழாய் தொடங்கும் இணைப்பில் 'உஸ்' என்று சத்தம். அங்கே கரிக்கோடு படிந்திருந்தது. கேஸ்கெட் எரிந்து போயிருக்கிறது. அந்தப் புகைதான் மூடி வழியாக உள்ளே வந்திருக்கிறது. பின்கதவு ரப்பரும் தேய்ந்திருந்ததால், ஓடும்போது பின்பக்கப் புகையையும் உள்ளே இழுத்திருக்கலாம். புது கேஸ்கெட், புது பீடிங், புதுக் கதவு ரப்பர். எல்லாம் சேர்த்து என் ஒரு மாத மளிகைப் பணம்கூட ஆகவில்லை. கூடவே பேட்டரியில் ஓடும் வாயு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி, படுக்கைப் பக்கம் மாட்டச் சொன்னேன்.

அன்றிலிருந்து வண்டி வேலைக்கு நம் வீட்டுச் சட்டங்கள் சில போட்டிருக்கிறேன். உங்களுக்கும் உதவும்:

• மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடக் கூடாது. வண்டிக்குள் அடுப்பு, கரி, கொசுவர்த்தி எதுவும் பற்ற வைக்கக் கூடாது. இன்ஜினை ஓட விட்டுக் கொண்டு உள்ளே தூங்கவே கூடாது. தலைவலி என்றால் முதலில் எல்லோரும் இறங்க வேண்டும். யாராவது மயங்கினால் வெளியே தூக்கி வந்து 108-க்குப் போன்.

• பெட்ரோல், மண்ணெண்ணெய், பேட்டரி தண்ணீர் எதையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

• பழைய பிரேக் லைனிங் தூளை வாயால் ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். உப்புக் காகிதத்தைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்த வேலைத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊற வைக்காதீர்கள்.

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம், திடீரென்று நொறுங்கும். இரும்புத் தாங்கி வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

• பேட்டரி பக்கம் போனால் வளையல், சங்கிலியைக் கழற்றி விடுங்கள். உலோகம் இரண்டு முனையையும் தொட்டால் தீக்காயம்தான்.

• இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கும். அதற்குத் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

• கிரீஸ் கையைப் பெட்ரோலில் கழுவ வேண்டாம். தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் பளிச்சென்று போகும். என் கணவரின் கையே சாட்சி!

இதற்கு நடுவே இவருக்கு ஓர் ஆசை. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனியாக 'விண்டேஜ்' பதிவு கொண்டு வந்திருக்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குப் பதிவு, தனி நம்பர் பலகை. "நம்ம வேனுக்கும் வயசாயிடுச்சு, வாங்கிடலாமா?" என்றார். விதியை நானே படித்துப் பார்த்தேன். அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினப்படி ஓட்ட முடியாது.

"அப்போ வேடந்தாங்கல்?" என்றேன்.

சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா இதை ஷோவில் வைக்கறதுக்கு வாங்கலியே" என்றார். பழையபடி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிப்பது, பசுமை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்காகக் கட்டுவது என்று முடிவானது.

இந்த ஜனவரியில் மறுபடி வேடந்தாங்கல் போனோம். ஜன்னல்கள் இரண்டு விரல் அளவு திறந்தே இருந்தன. அத்தை பனிக்கு மஃப்ளர் கட்டிக் கொண்டார். சின்னவள் தாம்பரத்தில் கண்ணை மூடியவள், ஏரிக்கரையில்தான் விழித்தாள். அதுவரை நான் நாலு தடவை பின்னால் திரும்பி அவளைத் தட்டி எழுப்பிப் பார்த்தேன். "அம்மா, தூங்க விடேன்!" என்று சிணுங்கினாள். அந்தச் சிணுங்கல் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

ஆண்கள் வண்டியின் சத்தத்தைக் கேட்பார்கள். நாம் குழந்தையின் முகத்தைப் பார்ப்போம். இரண்டும் வேண்டும். "எனக்கு மெஷின் தெரியாது" என்று ஒதுங்கி விடாதீர்கள், சகோதரிகளே. வண்டியில் ஏறினால் வலி, இறங்கினால் சரி என்று கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு எதற்கு?

அடுத்த இதழில், வெயில் வருவதற்குள் மொட்டை மாடியில் போட்டு முடிக்க வேண்டிய வற்றல் வடாம் சமாசாரங்களோடு வருகிறேன்.