ஏலத்துக்கு முன் ஒரு திருப்புளி

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தங்கள் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளம் நடக்கிற தூரம்தான். திங்கள்கிழமை வரிசையில் நின்று மனு கொடுத்திருக்கலாம். இது என் ஒருவனுடைய குறை இல்லை என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

என் மேசை டிராயரில் ஒரு டப்பா நிறையக் காந்தம் இருக்கிறது. எல்லாம் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளில் கழற்றியவை. பிறை வடிவத் தகடு, மேலே நிக்கல் பூச்சு. இரண்டு ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்குள் விரல் நசுங்கிவிடும். நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தம் இது. எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அருமண் உலோகம். மின்சார வாகன மோட்டார்களில் சுழல்வதும் இதே வகைதான். 2025 ஏப்ரலில் சீனா இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் வாகன ஆலைகள் திணறின. நவம்பரில் மத்திய அரசு, உள்நாட்டிலேயே காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சி மணலில், 1909-இல் கண்டறியப்பட்ட மோனசைட் என்ற கனிமத்திலும் நியோடிமியம் உண்டு. கூடவே கதிர்வீச்சுள்ள தோரியமும் உண்டு. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை மக்கள் எதிர்ப்பது தாங்கள் அறிந்ததே. அங்கே தோண்டுவதற்கு இவ்வளவு போராட்டம். ஏற்கெனவே தோண்டி, பிரித்து, காந்தமாகச் செய்து முடித்ததை இங்கே இரும்பு விலைக்குப் போடுகிறோம்.

பாளையங்கோட்டையைச் சுற்றி எத்தனை கல்லூரி, எத்தனை அலுவலகம்! கழித்த கம்ப்யூட்டர்கள் பல இடங்களில் உடைந்த நாற்காலியோடும் துருப்பிடித்த பீரோவோடும் ஒரே குவியலாக ஏலம் போகின்றன. டிஸ்க்கை அப்படியே நொறுக்கினால் காந்தம் பொடிந்து, பக்கத்து இரும்புத் துண்டுகளில் அப்பிக்கொள்ளும். அது உருக்காலைக்குப் போகும். நியோடிமியம் கசடோடு கழியும். யாரையும் குறை சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்கீழ் மறுசுழற்சியாளருக்குச் சான்றிதழ் கிடைக்கத் தொடங்கியதே தங்கம், தாமிரம், இரும்பு, அலுமினியம் என்ற நான்குக்குத்தான். கணக்கில் வராததைக் கை வலிக்க யார் கழற்றுவார்?

நொறுக்கும் முன் கழற்றுவதோ சின்ன வேலை. நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்று, பழகிய கை, சில நிமிடம். அப்படிப் பிரித்த காந்தத்தை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் தானாகப் பொடியாகும். அந்தப் பொடியிலிருந்து மறுபடி காந்தமே செய்யலாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது.

தங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது, அரசு அலுவலகங்களில் கழிக்கும் ஹார்ட் டிஸ்க்குகளைத் தனியே எண்ணி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் ஒப்படைக்கச் செய்யுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு, பேட்டை அரசு ஐடிஐ மாணவர்களுக்கு இந்தக் கழற்றும் வேலையைப் பழக்குங்கள்.

இரண்டாவது, 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லாப்டாப்புகள். பழுதானவை வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ‘உள்ளே போட்டோ இருக்கிறதே’ என்ற பயத்தில் பலர் கொடுப்பதில்லை. வட்டந்தோறும் ஒரு நாள் முகாம் போட்டு, அவர்கள் கண்முன்னே டிஸ்க்கைப் பிரித்துக் காட்டினால் பயமும் தீரும், காந்தமும் கைக்கு வரும்.

இதில் தள்ளிப்போட நேரமில்லை. இப்போது வரும் லாப்டாப்புகளில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி இருக்கிறது; அதற்குக் காந்தம் தேவையில்லை. பரணில் இருப்பது ஒரு தடவைதான் கீழே இறங்கும்.

முகாமுக்கு நாள் பிடிக்கும் என்றால், அடுத்த ஏல அறிவிப்பில் மூன்று சொல் மட்டும் சேர்க்க உத்தரவிடுங்கள்: ‘ஹார்ட் டிஸ்க் நீங்கலாக.’

இப்படிக்கு,
வண்ணார்பேட்டைப் பழுதுகடைக்காரன்