அல்லிராணிக்கு கிரேக்கத் தூண் எதுக்கு?

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், மன்னார் மாவட்டத்தில் அரிப்பு என்றொரு ஊர். சிலாவத்துறைக்குப் பக்கம். அங்கே கடலோரத்தில் இடிந்த மாளிகை ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. அதைப் படமெடுத்து ‘தமிழ் அரசி அல்லிராணி கட்டிய கோட்டை’ என்று யாராவது பதிவு போடுகிறார்கள். நாமும் ஒரு ஹார்ட்டின் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஒரே ஒரு கேள்விதான்: அல்லிராணிக்கு கிரேக்கத் தூண் எதுக்கு?

கட்டியவர் பிரெடரிக் நார்த், இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர். அமெரிக்காவைப் பறிகொடுத்த பிரதமர் நார்த் பிரபுவின் மகன். மனுஷனுக்கு கிரேக்கப் பித்து. பின்னாளில் கோர்ஃபு தீவில் பல்கலைக்கழகமே தொடங்கியவர். முத்துக்குளிப்பு நடக்கும்போது வந்து தங்க 1801க்கும் 1804க்கும் இடையில் இந்த வீட்டை டோரிக் பாணியில் எழுப்பினார். இங்கிலாந்துச் சீமான் தன் நிலத்தின் நடுவில் கல் மாளிகை கட்டி, ஜன்னல் வழியே நிலத்தைப் பார்ப்பார். நார்த்துக்குக் கடல்தான் பண்ணை. அழகு சரிதான், ஆனால் அது மேஸ்திரி உட்காரும் இடத்தின் அழகு.

அந்த அழகிலும் ஒரு பாசாங்கு உண்டு. சுவர் கல் இல்லை, செங்கல். சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைப் பூசி பளிங்கு மாதிரி காட்டினார்கள். அதைப் பார்த்த ஜேம்ஸ் கார்டினர் பாதிரியார் 1807இல் வந்த தன் புத்தகத்தில் வியந்து தள்ளியிருக்கிறார். சரி, சிப்பியைக் கடலிலிருந்து மேலே கொண்டுவருவது யார்? கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து, மூச்சடக்கி இறங்கிய நம் கரைக்காரர்கள்: பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள். இந்தக் கதையில் நிஜமான கல் அந்தக் காலடிக் கல் மட்டும்தான்.

‘அல்லிராணி கோட்டை என்பது மக்கள் வழக்கு, அதை விடுங்களேன்’ என்பார்கள். கதையாகச் சொல்லுங்கள், எனக்கும் பிடிக்கும். வரலாறாகச் சொல்லும்போதுதான் சிக்கல். ஆளுநரின் வீடு என்றாலும் ராணியின் கோட்டை என்றாலும் முக்குளித்தவனுக்கு இடம் இல்லை. நம் பெருமைக்காக அவனை இரண்டாவது தடவையும் மூழ்கடிக்கிறோம்.

இன்னொரு கூட்டம், ‘வெள்ளைக்காரன் வீடுதானே, கடல் கொண்டுபோகட்டும்’ என்கிறது. கேட்க வீரமாக இருக்கும். ஆனால் குளியாட்கள் தங்கிய ஓலைக்கொட்டகைகள் எப்போதோ போயாச்சு. அவர்கள் உழைப்புக்கு மிச்சமிருக்கும் ரசீது அந்தச் சுண்ணாம்புச் சுவர்தான். கடனாளி கொடுத்த ரசீதை யாராவது கிழித்துப் போடுவாங்களா?

நம் கரை மட்டும் யோக்கியமா? பவளப்பாறைகளை வெட்டி வெட்டி வீடும் சுண்ணாம்புக் காளவாயும் ஆக்கினோம். விலங்குசல்லி, பூவரசன்பட்டி தீவுகள் நீருக்கடியில் போனதில் அதற்கும் பங்கு உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு முடிந்தது. குளித்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டியதை விட்டுவிட்டு ராணிக்குக் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அரிப்பு மாளிகையைக் காப்பாற்றச் சொல்வேன். முடியாவிட்டால், விழும் முன்பே ஒவ்வொரு தூணையும் அளந்து பதிவு செய்யச் சொல்வேன். பக்கத்தில் ஒரு பலகையும் வேண்டும். அதில் நார்த்தின் பெயர் இருக்கட்டும். அதற்கு மேலே, இந்தச் சுவரின் வெள்ளை யார் மூச்சிலிருந்து வந்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அடுத்த முறை அந்தப் படத்தைப் பகிர்பவர்களும் அதையே எழுதட்டும்.