ஒரு நாள் போக்கரும் ஒரு வணிகவியல் மாணவனின் கால்குலேட்டரும்

"போக்கர் சூதாட்டமா, இல்ல மூளை விளையாட்டா?"

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்த டீக்கடையில் நாலு பசங்க உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடுகிறது. காரணம் கோவா. தீபாவளி போனஸ் வந்ததும் ரூம்மேட்டுகள் சேர்ந்து ஒரு டிரிப் அடிப்பார்கள். ஒரு நாள் பீச், ஒரு நாள் மாண்டோவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பல். திரும்பி வந்து ஒரு மாசத்துக்கு அந்தக் கதைதான் ஓடும். ஜெயித்தவன் "திறமை" என்பான், தோற்றவன் "லக் இல்ல மச்சி" என்பான்.

கோர்ட்டுகளும் கிட்டத்தட்ட அறுபது வருஷமாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் கேள்வியே தப்பு என்பேன். திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்கக் கூடாது. "எத்தனை நாள் ஆடினால் திறமை?" என்று கேட்க வேண்டும். கேள்வியை மாற்றினால் பதிலும் மாறிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு. கேசினோவில் அதிகம் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு ரெண்டு சீட்டு, மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு. இந்த ஏழில் நல்ல அஞ்சு யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பணம். நடுநடுவே பந்தயத்தை ஏற்றலாம், பயந்தவர் சீட்டை வைத்துவிட்டு ஒதுங்கலாம். எதிராளி உண்மையிலேயே நல்ல சீட்டு வைத்திருக்கிறாரா, சும்மா மிரட்டுகிறாரா என்று கண்டுபிடிப்பதில்தான் திறமை. அது உண்மையான திறமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது கால்குலேட்டரை எடுப்போம். கேசினோ மேஜையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக 25 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 200 ஆட்டம். கையில் ரெண்டு ஏஸ் வருவதுதான் ஆரம்பத்தில் கிடைக்கக்கூடிய மிக நல்ல சீட்டு. அது 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும், அதுவும் சராசரியாக. கணக்குப் போட்டால், நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு முறைகூட அதைப் பார்க்காமல் எழுந்து போக பத்தில் நாலு வாய்ப்பு இருக்கிறது! வந்தாலும் உத்தரவாதம் கிடையாது. ரெண்டு ஏஸ் வைத்திருப்பவரும் ரெண்டு கிங் வைத்திருப்பவரும் ஆரம்பத்திலேயே எல்லாப் பணத்தையும் உள்ளே தள்ளினால், ஏறக்குறைய அஞ்சு முறைக்கு ஒரு முறை கிங் ஜெயித்துவிடும். ஏஸ்காரர் செய்த தப்பு எதுவும் இல்லை.

சதுரங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நானும் விஸ்வநாதன் ஆனந்தும் நூறு ஆட்டம் ஆடினால் நூறும் அவருக்குத்தான் (எனக்கு ஒரு டிரா கூடக் கிடைக்காது :-)). போக்கரில் உலகச் சாம்பியனோடு நான் ஒரு நாள் உட்கார்ந்தால், பை நிறையப் பணத்தோடு எழுந்திருக்க எனக்கு நிஜமாகவே வாய்ப்பு உண்டு. ஆயிரம் நாள் உட்கார்ந்தால் கிடையாது. ஆக திறமை ஆயிரம் நாளில் தெரியும். ஒரு நாளில் தெரிவது சீட்டு மட்டும்தான். டிரிப் போகிறவன் ஆடுவதோ அந்த ஒரு நாள்.

மேஜைக்காரன் கணக்கு

ரூலெட்டில் நாம் கேசினோவை எதிர்த்து ஆடுகிறோம். ஒரு பூஜ்யம் இருக்கிற சக்கரத்தில் 37 கட்டம், ஆனால் 36க்குத்தான் பணம் தருவார்கள். கேசினோவின் லாபம் 2.7%, விஷயம் முடிந்தது. போக்கரில் கேசினோ ஆடுவதே இல்லை. நாம் ஒருவரோடு ஒருவர் ஆடுகிறோம். அதனால்தான் "இங்கே கேசினோ நம்மை ஏமாற்ற முடியாது" என்று பசங்க நம்புகிறார்கள். ஏமாற்றுவதில்லை, சரிதான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேர்கிற பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பேர் ரேக்.

உதாரணத்துக்கு ஒன்பது பேர், ஆளுக்கு 10,000 ரூபாய். மேஜையில் மொத்தம் 90,000. ஆட்டத்துக்குச் சராசரியாக நூறு ரூபாய் ரேக் என்றால் 200 ஆட்டத்துக்கு 20,000. ராத்திரி ஒன்பது பேரும் பங்கு போட மிச்சம் 70,000தான். ஒன்பது பேருமே மேதைகளாக இருந்தாலும் இதே கணக்குதான். அந்த மேஜையில் நிச்சயமாகச் சம்பாதித்தது சீட்டே எடுக்காத ஒருத்தர் மட்டும்.

வரி இன்னும் மிச்சம் இருக்கிறது. கேசினோவில் சிப்ஸ் வாங்கப் போடும் முழுத் தொகையின் மேல் 2023 அக்டோபர் 1 முதல் 28% ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40% ஆனது. ஜெயித்த பணத்துக்கு 30% வருமான வரி, அதன் மேல் 4% செஸ். எங்கள் வரிப் பாடத்திலேயே வருகிற விஷயம் இது: சூதாட்ட நஷ்டத்தைச் சூதாட்ட லாபத்தில் கூடக் கழிக்க முடியாது. சனிக்கிழமை 20,000 ஜெயித்து ஞாயிற்றுக்கிழமை 20,000 தோற்றால் கையில் பூஜ்யம். ஆனால் சட்டப்படி 6,240 ரூபாய் வரி நிற்கும். எந்தக் கடைக்காரராவது இப்படி ஒரு வியாபாரம் செய்வாரா?

கோர்ட் சொன்னது என்ன?

1967இல் உச்ச நீதிமன்றத்துக்கு செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கு வந்தது. விழுகிற சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும், அதனால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு மாதிரி இல்லை என்று தீர்ப்பானது. 1996இல் குதிரைப் பந்தயத்துக்கும் அதே பதில். தமிழ்நாடு ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் 2020 நவம்பரில் தடை செய்தது, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு மறுபடி சட்டம் வந்தது. 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி அவற்றை அந்தத் தடையிலிருந்து நீதிமன்றம் விலக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் போட்டது. அதை எதிர்த்து வழக்குகளும் போட்டார்கள். கப்பல் கேசினோ அந்தச் சட்டத்தில் வராது.

இந்தத் தீர்ப்புகள் தப்பு என்று சொல்ல நான் யார்? ஆட்டத்தைப் பற்றி அவை சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் "திறமை" என்ற அந்த வார்த்தை கோர்ட்டை விட்டு வெளியே வந்து விளம்பரத்தில் ஏறியபோது அதன் வேலை மாறிவிட்டது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். லாட்டரியில் தோற்றவர் நேரம் சரியில்லை என்றுதான் சொன்னார், திறமை போதவில்லை என்று யாரும் சொன்னதில்லை. போக்கரில் தோற்றவனோ "இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டா பிடிச்சிடலாம்" என்கிறான். திறமை என்ற பேச்சு அவனை மேஜைக்குத் திரும்பக் கூட்டி வருகிறது.

அவனைவிட ஆபத்து ஜெயித்தவனுக்கு. எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு அண்ணன், ஒரகடம் பக்கம் காண்ட்ராக்டில் வேலை. கோவாவில் ஒரே நாளில் 14,000 ஜெயித்து வந்தார். "தம்பி, இது லக்கு இல்லடா, எதிர்ல இருக்கறவன் மூஞ்சியப் படிக்கணும்" என்று எனக்கு வகுப்பே எடுத்தார். அப்புறம் போனில் ஆரம்பித்தார். செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஆட்டம், ரூமுக்கு வந்தும் ஆட்டம். போனில் படிக்க எந்த மூஞ்சி இருக்கிறது? தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டிருந்த ஏலச் சீட்டைப் பாதியிலேயே தள்ளி எடுத்தார். மாசா மாசம் கட்டிய சீட்டு இந்தச் சீட்டில் போனது. அந்த 14,000 அவருக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால் நல்லா இருந்திருப்பார் என்று அவர் அம்மாவே சொல்வார். வள்ளுவர் சூதாட்ட வெற்றியைத் தூண்டில் முள்ளோடு ஒப்பிட்டது சும்மா இல்லை.

உலக அளவிலும் இதே கதைதான். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் (நம்ம ஆளு!) 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக நுழைந்து, உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த வருஷம் ஆடியவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர். ஒருத்தர் ஜெயித்தார், ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள்.

"அப்போ ஷேர் மார்க்கெட் மட்டும் என்ன?" என்று என் வகுப்பிலேயே கேட்பார்கள். ஒரு கம்பெனிப் பங்கை வாங்கினால் அந்தக் கம்பெனி எதையோ தயாரித்து விற்கிறது, லாபத்தில் நமக்கும் பங்கு உண்டு. போக்கர் மேஜையில் எதுவும் விளைவதில்லை. ஆனால் ஆப்ஷன்ஸ் ஆடுகிறவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். எஃப் அண்ட் ஓ ஆடிய தனி நபர்களில் 93% பேருக்கு மூணு வருஷத்தில் நஷ்டம் என்று செபியே 2024இல் சொல்லிவிட்டது.

அதனால் யாரும் கோவா போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வயசு வந்தவர், தன் காசு. கேசினோ கப்பலுக்குப் போக ஊர் தாண்ட வேண்டும், லீவு போட வேண்டும், நாள் முடிந்தால் இறங்கி வர வேண்டும். போனுக்கு இது எதுவும் இல்லை. அதனால்தான் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆன்லைன் பண ஆட்டம் கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு போட்ட விதி எனக்குப் பிடித்திருந்தது. அது திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்கவில்லை, எவ்வளவு நேரம் என்று கேட்டது. செகண்ட் ஷிப்ட் முடித்து வருகிறவனைக் காப்பாற்றக்கூடியது அந்தக் கேள்விதான். மத்தியத் தடை நாளைக்குக் கோர்ட்டில் என்ன ஆனாலும் இந்த நேரக் கட்டுப்பாடு நிற்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொண்டு போகும் 10,000 ரூபாயைக் கணக்கு நோட்டில் கிளம்பும்போதே "செலவு" பக்கம் எழுதிவிடுங்கள், சினிமா டிக்கெட் மாதிரி. அதை "முதலீடு" பக்கம் எழுதத் தோன்றினால் டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிடுங்கள். ஜெயித்து வந்தால் சந்தோஷம், பிரியாணி வாங்கிக் கொடுங்கள். வகுப்பு மட்டும் எடுக்காதீர்கள் :-)

டிஸ்கி: ரேக் கணக்கில் இருக்கும் நூறு ரூபாய் என் உதாரணம் மட்டுமே. மேஜைக்கு மேஜை மாறும். நீங்கள் போன மேஜையில் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கேட்டவர்கள் சொல்லுங்கள்.