ஊர் சுற்றலாம் வாங்க: சனிக்கிழமை வரை எதற்குக் காத்திருக்கணும்?

மகளின் பிரசவத்துக்கு, பேரனைப் பார்க்க, சும்மா ஊர் பார்க்க என்று லண்டன் போய்வரும் நம் ஊர் அப்பா அம்மாக்கள் இன்று ஏராளம். முதல் வாரம் உற்சாகமாகப் போகும். அப்புறம் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு சனிக்கிழமைக்குக் காத்திருப்பதுதான் பலருக்கும் வாய்க்கிறது. 'ரயில் ஏறி நாமே போய் வந்தால் என்ன?' என்று ஆசை வரும். 'வழி தவறிவிட்டால்?' என்ற பயம் அதை அமுக்கிவிடும்.

அந்தப் பயம் வேண்டாம். லண்டன் பாதாள ரயிலில் போக நிறம், திசை, கார்டு, படிக்கட்டு ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

உலகின் முதல் பாதாள ரயில் இதுதான். 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது, அதுவும் நீராவி எஞ்சினில்! இன்று 11 தடங்கள், 272 நிலையங்கள், சுமார் 400 கிலோமீட்டர் தூரம். பாதாள ரயில் என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. லண்டன்காரர்கள் இதை 'ட்யூப்' என்பார்கள். 'சப்வே' என்று போர்டு இருந்தால் ரயிலைத் தேடி இறங்காதீர்கள். நம் சென்னையைப் போலவே அங்கும் அது நடந்து போகும் சுரங்கப்பாதைதான்.

முதலில் நிறம். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம் உண்டு. சென்ட்ரல் சிவப்பு, டிஸ்ட்ரிக்ட் பச்சை, பிக்கடில்லி கருநீலம், விக்டோரியா இளநீலம், ஜூபிலி சாம்பல், நார்தர்ன் கறுப்பு. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. சுவரில் அந்த நிறம் காட்டும் வழியில் நடந்தால் பிளாட்பாரம் வந்துவிடும்.

இந்த ரயில் வரைபடத்தை 1931-ல் வரைந்தவர் ஹாரி பெக். ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வரைவாளராக இருந்தவர். தரைக்குக் கீழே போகிறவருக்கு மேலே எந்தத் தெரு என்பது எதற்கு, எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதுதானே வேண்டும் என்று யோசித்தார். வளைவுகளை எல்லாம் நேர்கோடாக்கினார். மின்சார சர்க்யூட் படம் மாதிரி இருந்த அதை முதலில் ஏற்க மறுத்தார்கள். 1933-ல் அச்சிட்டுக் கொடுத்ததும் மக்கள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தப் படத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட முடியாது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே வெறும் 260 மீட்டர்தான். படத்தில் தனித்தனி நிலையம் என்பதற்காக ரயில் ஏறினால், கீழே இறங்கி மேலே ஏறும் நேரத்தில் நடந்தே போயிருக்கலாம்.

இரண்டாவது, திசை. நம் ஊரில் 'தாம்பரம் வண்டியா, பீச் வண்டியா?' என்று கேட்போம். அங்கே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எழுதியிருக்கும். பிளாட்பாரத்துக்குத் திரும்பும் முன், அந்தப் பக்கம் வரும் நிலையங்களின் பட்டியல் சுவரில் இருக்கும். நீங்கள் போகும் ஊர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சில தடங்கள் நடுவில் கிளை பிரியும். நார்தர்ன் தடம் நகரின் மையத்திலேயே பேங்க் வழி, சாரிங் கிராஸ் வழி என்று இரண்டாகப் பிரிகிறது. அதனால் பிளாட்பார மின்பலகையில் கடைசி நிலையத்தின் பெயரையும் பார்த்து ஏறுங்கள். தப்பான வண்டியில் ஏறிவிட்டாலும் பதற்றம் வேண்டாம். அடுத்த நிலையத்தில் இறங்குங்கள். பகலில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வரும்.

மூன்றாவது, கார்டு. டிக்கெட் கவுன்ட்டரைத் தேட வேண்டியதில்லை. ஓய்ஸ்டர் கார்டு, தொட்டால் பணம் எடுக்கும் வங்கி கார்டு, செல்போன் எது இருந்தாலும் போதும். உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை தொட வேண்டும். இரண்டு முறையும் ஒரே கார்டாக இருக்கட்டும். உள்ளே கார்டு, வெளியே போன் என்றால் இயந்திரத்துக்கு அது இரண்டு ஆள். இரண்டிலுமே அதிகபட்சக் கட்டணம் போய்விடும். கணவன் மனைவிக்குத் தனித்தனி கார்டு வேண்டும். நம் ஊர் வங்கி கார்டென்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எவ்வளவு என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவர்களுடன் போனால் இலவசம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒரு வரம்புக்கு மேல் பணம் எடுக்காது. வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 7 வரை கட்டணமும் கூடுதல், கூட்டமும் கூடுதல். காலை டிபனை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புவதே நமக்குச் சௌகரியம்.

நான்காவது படிக்கட்டு. மூட்டுவலி உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். ரயில் பழையது என்பதால் பல நிலையங்களில் படி ஏறி இறங்காமல் முடியாது. படியே இல்லாமல் போய்வரக்கூடிய நிலையங்கள் மூன்றில் ஒரு பங்குதான். வரைபடத்தில் அவற்றுக்குச் சக்கர நாற்காலிக் குறி இருக்கும். நீல வட்டம் என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டிவரை படி இல்லை. வெள்ளை வட்டம் என்றால் பிளாட்பாரம்வரை படி இல்லை. பெட்டிக்குள் கால் வைக்கும்போது உயர வித்தியாசமோ இடைவெளியோ இருக்கலாம். கோவென்ட் கார்டனில் லிஃப்ட்டுக்குக் கூட்டமாக இருக்கிறதே என்று படியில் கால் வைத்துவிடாதீர்கள். மொத்தம் 193 படிகள்! 2022-ல் திறந்த எலிசபெத் தடத்தில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் அல்லது சரிவுப்பாதை உண்டு. வழி சுற்றானாலும் படி குறைவான பாதையே நமக்குக் குறுக்குவழி.

குடும்பமாகப் போனால் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஒருவர் ஏறியதும் கதவு மூடிக்கொண்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். விட்டுப்போனவர் அடுத்த வண்டியில் வர வேண்டும். விட்டுப்போனது குழந்தை என்றால் அது அங்கேயே நிற்கட்டும், பெரியவர் திரும்பி வரட்டும். பாதாளத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள். இடது பக்கம் வேகமாக ஏறுகிறவர்களுக்கு.

'மைண்ட் த கேப்' என்ற அறிவிப்பு காதில் விழுந்துகொண்டே இருக்கும். இடைவெளியைப் பார்த்துக் கால் வை என்று பொருள். எம்பேங்க்மென்ட் நிலையத்தில் இதைச் சொல்வது ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் பழைய பதிவு. 2007-ல் அவர் காலமான பிறகு, மனைவி மார்கரெட் அந்தக் குரலைக் கேட்கவே பிளாட்பாரத்தில் வந்து உட்காருவார். 2012-ல் புதிய குரலை மாற்றிவிட்டார்கள். அவர் போய்க் கேட்டதும், 2013-ல் பழைய குரலையே மீண்டும் அங்கே ஒலிக்கவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.

சரி, முதல் பயணம் எங்கே? தமிழர்கள் நிறைய வசிக்கும் வெம்பிளிப் பக்கம் உங்கள் பிள்ளைகளின் வீடு என்றால், வெம்பிளி பார்க் நிலையத்தில் சாம்பல் நிற ஜூபிலி தடத்தில், ஸ்ட்ராட்ஃபோர்டு போகும் வண்டியில் ஏறுங்கள். மாற வேண்டியதில்லை. சுமார் அரை மணி நேரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர். இரண்டு நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் பிக் பென்!

போன வழியே திரும்புங்கள். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு எங்கே போனோம் தெரியுமா?" என்று நீங்கள் ஆரம்பிக்கலாம்.