பக் நாய் வாங்கும் ஆசையா? பினாங்கு வெயிலில் அந்தச் சப்பை மூக்கு என்ன பாடுபடும்?

2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி போன்ற நாட்டு இனங்களை வளர்த்தெடுப்பது அதன் ஒரு நோக்கம். தமிழகத்தின் தட்பவெப்பத்திற்கு ஒத்துவராத சில வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை என்பது அதன் மற்றொரு பகுதி. நாய் விற்பனையாளர்களிடையேயும் கென்னல் சங்கத்தாரிடையேயும் அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது.

அந்தத் தடைப் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகிய பெயர்கள் இருந்ததில் யாருக்கும் வியப்பில்லை. பனி நாட்டுக்காரர்கள், கம்பளி போர்த்தியவர்கள். ஆனால் அதே பட்டியலில் பக் நாயும் இடம்பெற்றிருந்தது. குட்டை முடி, சிறிய உடல், மடியில் அடங்கும் உருவம். இதற்கு வெயிலில் என்ன பிரச்சினை என்று பலர் கேட்டனர். அதற்கான பதில் அதன் மூக்கில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் குறையாத பினாங்கில் பக் குட்டி வாங்க நினைக்கும் குடும்பங்கள் அந்தப் பதிலைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சீனாவிலிருந்து வந்த மடிநாய்

பக் சீனாவில் தோன்றிய பழமையான இனம். 16ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் மூலம் ஐரோப்பாவுக்குச் சென்று, நெதர்லாந்து அரச குடும்பத்தின் செல்லப் பிராணி ஆனது. பின்னர் இங்கிலாந்து அரண்மனைக்கும் போனது. ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தன்னையும் தன் பக் நாயையும் சேர்த்து வரைந்த ஓவியத்தைப் பார்த்தால் ஓர் உண்மை புரியும். அந்த நாய்க்கு மூக்கு நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. இன்று நாம் பார்க்கும் தட்டையான முகம் இயற்கை கொடுத்ததன்று. முகம் சப்பையாக இருந்தால் அழகு என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து உருவாக்கியது.

தமிழர்களிடையே இந்த நாயைப் பிரபலமாக்கியது 2003இல் வந்த ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரம். சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடிய அந்த நாயால், தமிழகத்தில் இந்த இனத்திற்கே 'ஹட்ச் நாய்' என்று பெயர் வந்துவிட்டது.

இனம் ஒன்றே, விற்கும் பெயர்கள் பல

பக் நாயில் எத்தனை வகை என்ற கேள்வி குட்டி வாங்குவோரிடம் அடிக்கடி எழுகிறது. உண்மையில் பக் ஒரே இனம்தான். நிறத்தில்தான் வேறுபாடு. முகம் கறுத்து உடல் வெளிர்மஞ்சளாக இருப்பது ஒன்று. உடல் முழுதும் கறுப்பு என்பது மற்றொன்று. வெள்ளி, ஆப்ரிகாட் சாயல்களையும் அனைத்துலகக் கென்னல் அமைப்பு ஏற்கிறது. கறுப்பு பக் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இங்கிலாந்தில் புகழ் பெற்றது. குணத்திலும் உடல்நலத்திலும் நிறத்தால் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை.

'டீகப் பக்' என்பது தனி வகை அல்ல. மிகச் சிறிய உடலுக்காக வளர்த்த அல்லது வளர்ச்சி குன்றிய குட்டிக்கு வைத்த விற்பனைப் பெயர். திட்டுத்திட்டான 'மெர்ல்' நிறம் பக் இனத்தின் மரபில் இல்லாதது. அது வேறு இனக் கலப்பைக் காட்டுகிறது. 'அபூர்வ நிறம்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கவனம் தேவை.

கலப்பினங்களும் உண்டு. பக்கையும் பீகிளையும் சேர்த்தால் 'பகிள்'. ஜெர்மனியில் ஜேக் ரஸ்ஸல் போன்ற டெரியர்களுடன் சேர்த்து, மூக்கைச் சற்று நீளமாக்கிய 'ரெட்ரோ பக்' வந்துள்ளது.

குணத்தில் குறை சொல்ல முடியாது

வளர்ந்த பக் 6 முதல் 8 கிலோ வரை இருக்கும். பிள்ளைகளோடும் முதியவர்களோடும் நன்றாகப் பழகும். கடிக்கும் குணம் குறைவு. வீட்டாரைவிட்டுப் பிரிந்திருக்க விரும்பாது. அதனால் நாள் முழுதும் பூட்டிய வீட்டில் தனியே விட்டுச் செல்லும் குடும்பத்திற்கு இது ஏற்றதன்று. காவலுக்கு நாய் தேடுவோருக்கும் பயன்படாது. முடி குட்டையாக இருந்தாலும் நிறையக் கொட்டும். கேட்கும்போதெல்லாம் ரொட்டி சானாய் துண்டைப் பிய்த்துப் போட்டால் விரைவில் பெருத்துவிடும். எடை கூடக் கூட மூச்சுத்திணறலும் கூடும்.

சிக்கல் எங்கே?

நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடல் சூட்டைத் தணிக்கிறது. பக்கின் மண்டை எலும்பு குறுகியதே தவிர, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. நீண்ட மெல்லண்ணமும் இடுங்கிய மூக்குத் துவாரமும் காற்று போகும் வழியை அடைக்கின்றன. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்த பினாங்கில் ஆவியாதலும் மெதுவாகவே நடக்கும். 33 டிகிரி வெயிலில் நாட்டு நாய் நிழலில் படுத்துச் சமாளித்துவிடும். பக்கிற்கு அது உயிர்ப் போராட்டமாகலாம்.

பலர் ரசிக்கும் அந்தக் குறட்டைச் சத்தம் பெரும்பாலும் மூச்சு அடைபடுவதன் அறிகுறி. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வு 4,308 பக் நாய்களை மற்ற நாய்களுடன் ஒப்பிட்டது. குறுமூக்கு சார்ந்த சுவாசக் கோளாறு பக் நாய்களுக்கு வரும் வாய்ப்பு சுமார் 54 மடங்கு அதிகம். கண்ணின் கருவிழிப் புண் 13 மடங்கு, தோல் மடிப்புப் புண் 11 மடங்கு. உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி வழக்கமான நாயாகக் கருத முடியாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

நெதர்லாந்து இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்ற அளவுகோலை 2019இல் கொண்டு வந்தது. பக்கை ஐரோப்பாவுக்குக் கொண்டு போன நாடே இன்று அதன் மூக்கை அளக்கிறது.

மலேசியாவில் நிலைமை

இங்கு பக் வளர்க்கத் தடை இல்லை. பிட்புல், தோசா, அகிதா போன்ற இனங்களை இறக்குமதி செய்யத் தடை உண்டு. ரோட்வைலர், டோபர்மன் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. இவை மனிதருக்கு ஆபத்து என்ற கணக்கில் போடப்பட்ட பட்டியல்கள். நாய்க்கே ஆபத்து என்ற கணக்கில் இங்கு பட்டியல் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பு வாங்குபவரின் தலையில் விழுகிறது.

2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் கீழ் வளர்ப்பவருக்குக் கடமைகள் உண்டு. கொடுமைப்படுத்தியதாக நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நாய்க்கு ஊராட்சி மன்ற உரிமமும் வேண்டும்: தீவில் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். அடுக்குமாடியில் குடியிருப்போர் முதலில் நிர்வாகக் குழுவிடம் கேட்டுவிடுவது நல்லது. மற்ற குடியிருப்பாளருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது என்பது அடுக்குமாடி விதிகளில் உள்ளது. வெறிநாய்க்கடி தடுப்பூசியையும் மறக்கக் கூடாது. 2015இல் பினாங்கில் அந்நோய் பரவி, தெருநாய்கள் கொல்லப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

குட்டியின் தாயை நேரில் பார்க்க வேண்டும். மூக்குத் துவாரம் கோடாக இடுங்காமல் நன்கு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தாய் நாயை மூன்று நிமிடம் விரைந்து நடக்கவிட்டுப் பிறகு மூச்சைக் கவனியுங்கள். கர்கர் என்று இழுத்தால் அந்தக் குட்டி வேண்டாம். கால்நடை மருத்துவர்களும் நடைப்பயிற்சி கொடுத்துத்தான் சுவாசத்தைத் தரம் பிரிக்கிறார்கள். கைப்பேசிப் படத்தை மட்டும் காட்டி முன்பணம் கேட்பவரிடம் வாங்கவே கூடாது.

வாங்கிவிட்டவர்கள் விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே நடக்கக் கூட்டிச் செல்ல வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போட வேண்டும். முக மடிப்புகளைத் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். காரில் ஐந்து நிமிடம்கூடப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. நாய் தள்ளாடினாலோ நாக்கு நீலமானாலோ, சாதாரணத் தண்ணீரை உடலில் ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் விரைய வேண்டும். மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சை வரை போனால் செலவு எளிதில் ஆயிரங்களைத் தொடும்.

தோட்டத்து லயன்களில் பெயர் தெரியாத இனத்து நாய்கள் மீந்த சோற்றைத் தின்று, மழையிலும் வெயிலிலும் காவல் காத்து வளர்ந்தன. அவற்றின் வழிவந்தவை இன்று ஜெலுத்தோங்கிலுள்ள பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்திலும் தாமான் தெருக்களிலும் வீடு தேடி நிற்கின்றன. விளம்பரத்தில் வரும் முகம் அவற்றுக்கு இல்லை. ஆனால் இந்த மண்ணில் மூச்சுவிடும் மூக்கு இருக்கிறது. பிள்ளை நாய் கேட்டு அடம்பிடிக்கும் வீட்டில், கடைக்குப் போகும் முன் ஒருமுறை காப்பகத்திற்கும் போய் வரலாம். அதன் பிறகும் பக்தான் வேண்டும் என்றால், பத்தாண்டுக்கும் மேல் அதன் மூச்சைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறோம் என்ற தெளிவு வேண்டும்.