‘எனக்கு வரைய வராது’ என்ற பொய்

தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் நீட்டி, “ஒரு பூனை வரைந்து தாருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தை பென்சிலைப் பிடுங்கிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் இருக்கும் அண்ணன் தயங்குவான். அப்பா சிரித்துவிட்டுக் கைபேசிக்குத் திரும்பிவிடுவார். அம்மா, “அய்யோ, எனக்கெல்லாம் வரைய வராது” என்பார். அன்று விடியற்காலையில் அதே அம்மா வாசல் தெளித்து, 15 புள்ளி வைத்து, ஊடுபுள்ளியாக 8-இல் நிறுத்தி, இழை அறாமல் ஒரு சிக்குக்கோலம் போட்டு முடித்திருப்பார். அளவுகோல் இல்லை, அழிரப்பர் இல்லை. நின்றபடியே இடுப்பை வளைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே மாவு ஒழுகும் வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஒரு தரைப்பரப்பை மனக்கணக்கால் பிரித்திருப்பார். அவரைத்தான் வரையத் தெரியாதவர் என்று நம்ப வைத்திருக்கிறோம்.

கலை என்பது திறமையோடு பிறந்த சிலருக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம், கைதட்டலாம். அதுவும் படிப்பு, வேலை, வீட்டுக்கடன் எல்லாம் ஒரு கரைக்கு வந்த பிறகு. படித்தவர், படிக்காதவர், இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இல்லாமல் நம் ஊரில் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட நம்பிக்கை இது. இதைப்போல நம் வீடுகளை வறுமைப்படுத்திய நம்பிக்கை வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கோலத்தையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், உடன் ஆய்வாளர்களான ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் இருவரும் 1974-இல் கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் படங்களை விதிகளால் உருவாக்கும் இலக்கணம் குறித்த ஆராய்ச்சி அது. ஒரு சிறு வடிவத்தை விதிப்படி திரும்பத் திரும்ப வளர்த்துப் பெரிய கோலமாக்கும் முறை அறிவியல் இதழில் ஏறியது. அந்த முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த பெண்களோ, கோல நோட்டைச் சமையலறைப் பரணில் செருகிவிட்டு, தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன்? அதைச் செய்தவர்கள் பெண்கள். அதற்குக் கூலி இல்லை. பொழுது சாய்வதற்குள் சைக்கிள் சக்கரமும் எறும்பும் அதை அழித்துவிடும். விற்க முடியாததையும், மாட்டி வைக்க முடியாததையும், பெண்கள் அன்றாடம் செய்வதையும் கலைக்கணக்கில் சேர்க்க நாம் மறுத்தோம். ‘திறமை’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மறுப்புதான்.

பறையின் கதை இதைவிடக் கசப்பானது. சாவு வீட்டில் அடித்தவரை ஊர் கலைஞர் என்று அழைக்கவில்லை. சாதி சுமத்திய கட்டாய வேலையாக அது இருந்ததால், அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும் உண்டு. அது சுயமரியாதைப் போராட்டம். அதில் குறை சொல்ல நமக்கு உரிமையே இல்லை. பிறகு அதே பறையைத் தங்கள் விருப்பத்தோடு மறுபடி கையில் எடுத்த இளைஞர்கள் வந்தார்கள். 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தோல் மாறவில்லை, அடி மாறவில்லை. யார் செய்தால் கலை, எங்கே செய்தால் கலை என்று தீர்ப்புச் சொன்ன ஊர்தான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

வீட்டில் தொடங்கும் இந்த நம்பிக்கைக்குப் பள்ளிக்கூடம் முத்திரை குத்துகிறது. நேர அட்டவணையில் ஓவிய வகுப்பு இருக்கும். கணக்கு ஆசிரியர் வந்து, “பாடம் முடியவில்லை, இந்த பீரியடை நான் எடுத்துக்கொள்கிறேன்” என்பார். கணக்கு வகுப்பை ஓவிய ஆசிரியர் கடன் வாங்கியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? கடன் வாங்க அங்கே ஓவிய ஆசிரியர் இருப்பதே அரிது. 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதச் சம்பளம் 5,000 ரூபாய். சம்பளம் சிறிது சிறிதாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வருபவருக்கு அரை நாள் வேலையும் அரை வயிற்றுச் சம்பளமும் கொடுத்தால், அந்தப் பாடம் எவ்வளவு பெறும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

வகுப்பு நடந்தால் மட்டும் என்ன நடக்கிறது? இரண்டு மலை, நடுவே சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு தென்னை, ஓட்டு வீடு, வானத்தில் நாலைந்து காக்கை. மலையே இல்லாத நாகப்பட்டினத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. ஆறு தெரியாத அடுக்குமாடிப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. கரும்பலகையில் இருப்பதை அப்படியே இறக்கியவருக்கு ‘குட்’. தன் தெருவிலுள்ள தண்ணீர் லாரியையும் அதன் பின்னால் குடத்தோடு நிற்கும் பாட்டியையும் வரைந்த பிள்ளைக்கு, “சீனரி வரையச் சொன்னால் இது என்ன?” என்ற கேள்வி. கையில் கோணல் இருந்ததால் அந்தப் பிள்ளை வரைவதை நிறுத்தவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டதால் நிறுத்தியது.

எஞ்சியதைப் போட்டிகள் முடித்துவைக்கின்றன. பாடும் குழந்தை வீட்டில் இருந்தால் உடனே தொலைக்காட்சி மேடை, நடுவர், மதிப்பெண், வெளியேற்றம். வெளியேற்றப்பட்ட குழந்தை அழுவதையும் படம் பிடிக்கிறார்கள். மேடையேறிய ஒரு குழந்தையோடு ஒப்பிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும் லட்சம் வீடுகளில் பிள்ளைகள் பாடுவதை நிறுத்துகிறார்கள். ‘அந்த அளவுக்கு வராது’ என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. தாலாட்டுக்குக்கூட இப்போது கைபேசியைத் தேடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். குரல் நன்றாக இல்லை என்ற கூச்சம்! தன் அம்மாவின் குரலைக் கருவிலேயே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அதைவிட நல்ல குரல் எது?

கலையை ஆதரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. “வரைந்தால் கணக்கு நன்றாக வரும், பாட்டுக் கற்றால் ஞாபகசக்தி கூடும்” என்று சொல்லிப் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வாதத்துக்குள் தோல்வி இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு உதவுவதால்தான் கலைக்கு இடம் என்றால், மதிப்பெண்ணுக்கு அதைவிட நன்றாக உதவும் டியூஷன் கிடைத்த அன்றே கலையை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை பாட்டு, நடனம், ஓவியம் எல்லாவற்றுக்கும் அழைத்துப் போன அதே பெற்றோர், பத்தாம் வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்துகிறார்களே, அது இந்த வாதத்தின் நேரடி விளைவு. சாப்பாட்டில் உப்பு எதற்கு என்று யாருக்கும் விளக்கம் தருவதில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் விளக்கம் கேட்பவரிடம், மனிதர் வாழும் வீட்டில் அவை இருக்கும் என்று மட்டும் சொன்னால் போதும்.

“வயிறு காயும்போது கலை எதற்கு?” எனக்கு எதிராக வைக்கப்படும் கேள்விகளில் கனமானது இதுதான். இதைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் வரலாறு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. நடவுப் பாட்டைக் கட்டியவர்கள் சேற்றில் நின்ற கூலிப் பெண்கள். ஒப்பாரியை அந்த நொடியிலேயே சொல் சொல்லாகக் கட்டி எழுப்பியவர்கள் எழுத்தறியாத கிழவிகள். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் கடைசி நாள் படுகளத்துக்கு ஊர்ப் பொதுவெளியில் படுத்த நிலையில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்கிறார்கள். இரவெல்லாம் கூத்து, காலையில் வேலை. ஓய்வு கிடைக்காதவர்கள்தான் தமிழில் அதிகமாகப் பாடியிருக்கிறார்கள், ஆடியிருக்கிறார்கள். பசி தீர்ந்த பிறகு கலை என்ற வரிசையைப் பசித்தவர்கள் வகுக்கவில்லை.

கலைஞர்கள் என்று நாம் ஒப்புக்கொண்டவர்களும் இந்த வரிசையைப் பின்பற்றவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியத்தை நம்பி உலை வைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் நிலமும் வாங்கினார்கள். உடுத்தும் துணியும் அருங்காட்சியகத்தில் தொங்கும் படமும் ஒரே கையிலிருந்து வந்தன. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908-இலேயே இலங்கையின் இடைக்காலக் கைவினைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அன்றாடப் பயன்பாட்டிலிருந்து கலையைப் பிரித்தெடுத்ததே நவீன காலம் செய்த பெரிய பிழை என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டவர். அவரை மேற்கோள் காட்டுகிறோம், சொன்னதைக் கேட்டதில்லை.

எல்லோரும் வரைந்தால் தரம் குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். தெருவுக்குத் தெரு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதால் இந்திய கிரிக்கெட்டின் தரம் குறைந்துவிட்டதா? மட்டையைப் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் ஒரு கவர் டிரைவின் அழகு உடம்பில் தெரியும். கையில் தூரிகை பிடித்தறியாத ஊரில் பெரிய ஓவியர் பிறந்தாலும், அவரைப் பார்க்கக் கண் இருக்காது.

இனி சென்னை நகரத்துக்கு வருகிறேன். கூவம் கரையிலிருந்தும் வேறு குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகரின் சுவர்களில் 2020 தொடக்கத்தில் பெரிய சுவரோவியங்கள் வரையப்பட்டன. நான்கு மாடி உயரத்துக்குச் சிரிக்கும் முகங்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்கும் நகரத்தில், அந்த வண்ணங்களுக்கு மதிப்பு உண்டு. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஓவியர்கள் ஊர் திரும்பிய பிறகு அங்குள்ள பிள்ளைகளுக்குத் தினமும் மாலையில் வண்ணமும் காகிதமும் கிடைக்கும் ஓர் அறை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. சுவர் மட்டும் போதும் என்று நகராட்சிகள் நினைப்பதற்குக் காரணமும் அதே பழைய நம்பிக்கைதான்: கலை சிலர் செய்வது, பலர் அண்ணாந்து பார்ப்பது.

2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா வேறொரு பாதையைத் தொட்டது. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய மீனவர் குப்பத்தில், வலை உலரும் இடத்துக்கு அருகே கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தியது. சபாவுக்குப் போகாதவர் பாட்டைக் கேட்டார்; குப்பத்துக்குள் கால் வைக்காதவர் அங்கே தரையில் உட்கார்ந்தார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள் நடந்தது, நாள்தோறும் நடக்க என்ன தடை?

தடை சில சமயம் சீருடையில் வரும். 2019 டிசம்பர் இறுதியில் அதே பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் கோலம் போட்ட பெண்களைக் காவல் துறை பிடித்துச் சென்று பிறகு விடுவித்தது. அடுத்த நாள் நகரின் பல வாசல்களில் எதிர்ப்புக் கோலம் முளைத்தது. பொழுதுபோக்கு, பெண்கள் வேலை, மாவு என்று ஒதுக்கி வைத்த ஒன்றைக் கண்டு அரசு பதறியது. அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டும் கோலத்தின் எடை.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குப் பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை, சிறியவை இருக்கின்றன. வாடகை வீடாக இருந்தாலும் பிள்ளையின் கை எட்டும் உயரத்துக்கு ஒரு சுவரை விட்டுக்கொடுங்கள். காலி செய்யும்போது ஒரு கோட்டிங் வெள்ளை அடிக்க ஆகும் செலவு ஒரு மாத டியூஷனுக்குக்கூடக் காணாது. நவராத்திரியில் கொலுப் படிக்குப் பக்கத்தில் கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு ‘பார்க்’ கட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்து தராதீர்கள். கோணலாக இருந்தாலும் பிள்ளைகள் கட்டட்டும். கொலு வைக்காத வீட்டில் பொங்கல் பானைக்குச் சுண்ணாம்புக் கோடு போட ஆளா இல்லை? அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றம் பல மாவட்டங்களில் இருக்கிறது. பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் பாட்டும் ஓவியமும் கற்கலாம். பக்கத்துத் தெருவில் இருந்தும் அது தெரியாத பெற்றோரே அதிகம். விசாரியுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும். கழிப்பறையையும் குடிநீரையும் கேட்பது போலவே, ஓவிய வகுப்பு எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட், எடுப்பவர் யார், அவருக்கு முழுச் சம்பளம் உண்டா என்று அங்கே எழுந்து கேளுங்கள். அந்த வகுப்பை வேறு எந்தப் பாடத்துக்கும் கடன் தரக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.