"பழகிவிடும்" என்பது முதலாளிகளின் பித்தலாட்டம்!

ராத்திரி ஷிப்டில், ரிங் பிரேம் பக்கத்தில் கண் அசந்துவிட்ட தொழிலாளிக்கு என்ன பெயர்? சோம்பேறி! உடனே மெமோ, சஸ்பெண்டு. "கொஞ்ச நாளில் உடம்பு பழகிவிடும்" என்று மானேஜரின் உபதேசம் வேறு. அந்த நேரத்தில் மெத்தையில் புரண்டு பழகியவர் அவர்!

உடம்பு பழகுமா? விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

வரப்பில் கிடக்கும் தொட்டாற்சுருங்கியை அறியாத விவசாயத் தொழிலாளி உண்டா? பொழுது சாய்ந்தால் இலையை மடக்கும், விடிந்தால் விரிக்கும். 1729-ல் தெ மைரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அவ்வகைச் செடியை இருட்டில் அடைத்து வைத்தார். வெயிலே படாத செடி, வெளியே பகல் வந்ததும் தானாக இலை விரித்தது! உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. பழ ஈயிடம் அந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மதுரைப் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடம் இதையே ஆராய்ந்தார்.

மனிதனுக்கும் உண்டு. மூளையின் அடியில், இரு கண்ணின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு உயிரணுக்கள் கொண்ட சிறு முடிச்சுகள் இருக்கின்றன. கண் வழியே வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் அவை மணியைத் திருத்திக்கொள்கின்றன. இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு ஊறுகிறது. விடியலுக்கு முன்னால் உடலின் உஷ்ணம் மிகவும் தணிகிறது, கவனம் மங்குகிறது. கை பல்சக்கரத்தில் சிக்கும் நேரம் அது. இதற்குப் பெயர் சோம்பலா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் நகர எட்டு நாள் வேண்டும். வாரம் முடிந்ததும் ஷிப்டு மாறிவிடுகிறதே! அதுவும் போகட்டும். வேலை முடிந்து வெளியே வருகிறவன் முகத்தில் காலை வெயில் அடிக்கிறது. மூளை "விடிந்துவிட்டது" என்று முள்ளைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது. பிறகு தகரக் கூரை காயும் ஒற்றை அறையில், பிள்ளைகள் கூச்சலுக்கிடையே தூங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் பலருக்கு இது பழகுவதேயில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடலின் தாளத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007-லேயே சேர்த்துவிட்டது. மில் நோட்டீஸ் போர்டில் இதை யாராவது ஒட்டினார்களா?

இந்த லட்சணத்தில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது! கம்யூனிஸ்டுகள் வெளிநடப்புச் செய்தார்கள், சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. 12 மணி என்றால் நாளுக்கு இரண்டே ஷிப்டு. இரவு முழுவதும் ஒருவன் தலையில்தானே விடியும்?

ராத்திரியில் மும்முனை மின்சாரம் விடும் ஊர்களில் மடை திருப்பக் காத்துக் கிடக்கும் கூலித் தொழிலாளியின் கதியும் இதேதான். பாம்புக்கடி அவனுக்கு உபரி வரும்படி!

தோழர்களே, சங்கக் கூட்டங்களில் கேளுங்கள். நம் உடம்பின் நாள் 24 மணிக்குச் சற்று நீளம். ஆகவே ஷிப்டு காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே சுழல வேண்டும். இரவு வாரம் முடிந்ததும் சம்பளத்தோடு இரண்டு நாள் ஓய்வு வேண்டும். இரவு வேலை செய்வோர் கேட்டால் இலவச மருத்துவப் பரிசோதனை தரவேண்டும் என்கிறது 1990-ன் சர்வதேசத் தொழிலாளர் ஒப்பந்தம். அதில் இந்திய சர்க்கார் கையெழுத்திட வேண்டும். பாசன மின்சாரத்தைப் பகலில் விட வேண்டும்!